கருத்தடையும் கூலியும்: பழனி மலை வட்டாரத்தில் செலவை ஏற்றவர்களின் வரலாறு

கருத்தடைக்கு ஆகும் செலவு இரண்டு வகைப்படும். மாத்திரை, ஆணுறை, காப்பர் டி, அறுவை சிகிச்சை ஆகியவற்றின் விலை ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் வழிச்செலவும், வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியும் மற்றொன்று. இந்தியாவில் முதல் வகைச் செலவை 1950களிலேயே அரசு தன் பொறுப்பாக ஏற்றது. இரண்டாவது வகைச் செலவு யாருடையது என்ற கேள்விக்குப் பல சட்டங்களும் திட்டங்களும் தனித்தனியாக விடை சொல்லிவந்திருக்கின்றன. அரசு, தோட்ட முதலாளி, தொழிலாளர் காப்பீடு, வணிகக் காப்பீடு என நான்கு தரப்பினர் அதில் வருகிறார்கள். பழனி மலையும் அதன் அடிவாரமும் இந்த நான்கு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடிய பகுதி.

மலையும் வேலையும்

பழனி மலைத்தொடர் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் நிற்கிறது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை ஆகிய ஊர்கள் உள்ள மேல்மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு விளைகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பாச்சலூர், ஆடலூர் பக்கத்துக் கீழ்மலையில் காப்பி, ஏலம், மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை பயிராகின்றன. நீலகிரியைப் போலவோ வால்பாறையைப் போலவோ பெருங்கம்பெனித் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலை அல்ல இது. சில பெரிய காப்பித் தோட்டங்களைத் தவிர்த்தால் பெரும்பாலானவை சில ஏக்கர் அளவுள்ள குடும்பத் தோட்டங்கள்தான். வேலை செய்வோர் அன்றாடக் கூலிகள்.

காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில் பெண்கள் காலையில் இடுப்பில் கூடையோ சாக்கோ கட்டிக்கொண்டு செடிகளுக்கிடையே இறங்குகிறார்கள். சாயங்காலம் எடை போட்டு, எடுத்த கிலோவுக்குக் கூலி பேசும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. பருவம் சில மாதங்களே நீடிக்கும். அந்த மாதங்களில் இரண்டு வாரம் படுத்துக்கொண்டால் ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு போய்விடும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண் சில நாட்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது. பழ மூட்டையைச் சுமந்து சரிவில் ஏறுவது இந்த வேலையோடு சேர்ந்தே வருவது.

வழியும் செலவில் ஒரு பங்கு. கிளாவரையிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் வரவேண்டும். நீண்டகாலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகவியில் சாமான்கள் குதிரை முதுகில் வந்தன. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். இத்தகைய ஊர்களில் இலவச மாத்திரைகூட அதைக் கையில் கொண்டுவரும் செவிலியர் வரும்வரை இலவசமாவதில்லை.

வாதத்திலிருந்து திட்டம் வரை

கருத்தடை அரசுச் செலவாவதற்கு முன்பே தமிழகத்தில் அது பொதுவிவாதமாகிவிட்டது. 1920களின் இறுதியில் சென்னையில் நவ மால்தூசியர் சங்கம் தோன்றியது. மக்கள்தொகை, வறுமை ஆகியவற்றை முன்வைத்து அது பேசியது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் வேறு காரணம் சொன்னார்கள். நாட்டின் வறுமையையோ தாயின் உடல்நலத்தையோ விடப் பெண்ணின் விடுதலைதான் கர்ப்பத்தடைக்கு முதன்மையான காரணம் என்றார் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இதற்கென ஒரு தனிப் பகுதி உண்டு. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து தம்மைச் சந்தித்த அமெரிக்கர் மார்கரெட் சாங்கரிடம், செயற்கைக் கருத்தடையை ஏற்க முடியாது, தன்னடக்கமே வழி என்று காந்தி சொன்னார்.

காந்தியின் பெயரால் பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடையே எழுந்த நிறுவனம் குடும்பக் கட்டுப்பாட்டின் முன்னோடி மையமாக ஆனது இந்த வட்டாரத்தின் குறிப்பிடத்தக்க நிகழ்வு. 1947இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்கள் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் தொழிலதிபர் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளவயதிலேயே கணவரை இழந்தபின் டெல்லியில் மருத்துவம் படித்தவர். கிராமத்துப் பிரசவங்களுக்காக அவர் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. பிரசவத்துக்கு வரும் தாய்க்கு அடுத்த பிரசவத்தைத் தள்ளிப்போடவும் நிறுத்தவும் வழி வேண்டும் என்பதை அந்தப் பிரசவ அறையே உணர்த்தியது.

1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு காந்திகிராமத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சுமார் ஒரு லட்சம் மக்கள்தொகை கொண்ட ஆத்தூர் வட்டாரம் அதன் களம். அதன் மேற்கு எல்லை கீழ்ப்பழனி மலையின் சரிவைத் தொடுகிறது. 1964இல் ஊரக நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குமான நிறுவனம் இங்கே உருவானது. ஊரில் யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று கண்டறிந்து, அவர்கள் வழியாகச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது இதன் முறை. செவிலியர் வீடு வீடாகச் சென்று பேசினர். சேவை ஊருக்கு அருகிலேயே கிடைத்தது. பிறப்பு விகிதம் பத்தாண்டுக்குள் தெளிவாகக் குறைந்தது. இயக்குநர் கே.ஏ. பிஷாரடியும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பற்றி எழுதிய ஆய்வு 1972இல் அமெரிக்காவில் நூலாக வெளிவந்தது. சேவையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது வழிச்செலவைக் குறைக்கும் வழியும்கூட என்பதை ஆத்தூர் அனுபவம் காட்டியது.

முப்பது ரூபாய்

1952இல் உலகிலேயே முதன்முதலாக அரசின் தேசியத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை இந்தியா அறிவித்தது. அதில் ஒரு படி முன்னே சென்றது சென்னை மாநிலம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஆர்.ஏ. கோபாலசாமி பின்னர் மாநிலத்தின் தலைமைச் செயலரானார். மூன்றாவது குழந்தைக்கு மேல் பிறப்பதைத் தடுக்க அறுவை சிகிச்சையே ஏற்ற வழி என அவர் வாதிட்டார். 1950களின் பிற்பகுதியில் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இலவசமானதோடு, செய்துகொண்ட ஏழைகளுக்கு 30 ரூபாயும் தரப்பட்டது. ஆட்களை அழைத்து வருவோருக்கும் சிறு தொகை கொடுக்கும் ஏற்பாடு விரைவில் வந்தது.

அந்த 30 ரூபாயை இரண்டு விதமாகப் பொருள்கொள்ளலாம். இழந்த கூலிக்கும் வழிக்கும் ஈடு என்பது ஒன்று. வராதவரை வரவைக்கும் கைப்பணம் என்பது மற்றொன்று. பிற்கால வரலாறு முழுவதும் இந்த இரண்டு பொருளும் பிரிக்க முடியாமல் சேர்ந்தே வந்தன. ஈடு என்றால் பெறுபவரின் உரிமை முன்னால் நிற்கும். ஊக்கத்தொகை என்றால் அரசின் இலக்கு முன்னால் நிற்கும்.

1960களின் நடுவில் கருப்பைக்குள் பொருத்தும் லூப் வந்தது. 1968இல் நிரோத் ஆணுறை மூன்று சேர்ந்த பொட்டலம் 15 பைசாவுக்குக் கடைக்கு வந்தது. தேயிலை, சோப்பு, சிகரெட் விற்ற பெரிய கம்பெனிகளின் விநியோக வலைப்பின்னல் வழியே அது சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை சென்றது. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணம் ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் பேருந்துகளிலும் இடம்பிடித்தது. 1976–77ஆம் ஆண்டில் நெருக்கடி நிலையின்போது நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பான்மை ஆண்களுக்கு நடந்தவை. வடமாநிலங்களில் கட்டாயம் மிகக் கடுமையாக இருந்தது. 1977 தேர்தலுக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு என்ற அரசுத் துறைப் பெயர் குடும்ப நலம் என மாறியது. ஆண்கள் அறுவை சிகிச்சையிலிருந்து விலகிக்கொண்டார்கள். கருத்தடையின் பாரம் முழுதும் பெண் உடல்மீது இறங்கியது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

1981இல் மத்திய அரசு, அறுவை சிகிச்சை செய்துகொள்வோருக்குக் கூலி இழப்புக்கான ஈட்டுத்தொகைத் திட்டம் என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தை வகுத்தது. கூலி என்ற சொல் இங்கே அரசு ஆவணத்தில் வெளிப்படையாக ஏறியது. 2007இல் தொகை உயர்ந்தபோது ஆணுக்கு 1,100 ரூபாய் என வகுக்கப்பட்டது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 600 ரூபாயும் மற்ற பெண்களுக்கு 250 ரூபாயும் கிடைத்தன. ஆணின் அறுவை சிகிச்சை எளியது, அவர் விரைவில் வேலைக்குத் திரும்புகிறார். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஓய்வும் கூடுதலாகத் தேவை. ஆண்களை வரவைக்கும் நோக்கம் தொகையைத் தீர்மானித்ததால், அதிக நாள் கூலியை இழப்பவருக்குக் குறைந்த தொகை கிடைத்தது.

தோட்டத்தின் பொறுப்பு

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி, வீடு, பிள்ளைக்காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. அது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா, ஏலம் ஆகிய பயிர்களின் தோட்டங்களுக்குப் பொருந்தியது. தொடக்கத்தில் 25 ஏக்கர் நிலமும் 30 தொழிலாளரும் இருந்தால்தான் சட்டம் தொட்டது. 1981 திருத்தம் இதை 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் எனக் குறைத்தது. பழனி மலையில் இந்த வரையறை எத்தனை பேரை வெளியே விடுகிறது என்பதைப் பயிர்ப் பட்டியலே சொல்லும். மலைவாழை, ஆரஞ்சு, உருளைக்கிழங்கு, பூண்டு எதுவும் அதில் இல்லை. காப்பி இருந்தாலும் நாலு ஏக்கர் தோட்டம் கணக்கில் வராது.

பெரிய தோட்டங்களில் இந்தக் கடமை எங்கே இட்டுச்சென்றது என்பதற்கு நீலகிரியில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி, அதாவது தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், 1971இல் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கருவுறாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரில் கம்பெனி 5 ரூபாய் வரவு வைக்கும். குழந்தைகள் கூடினால் அதில் ஒரு பங்கை அவர் இழப்பார். குழந்தை பெறும் வயது கடந்தபின் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். பொருளியலாளர் ரொனால்ட் ரிட்கர் வகுத்த திட்டம் இது. பிரசவச் செலவு, பிள்ளைக்காப்பகம், மருத்துவம், வீடு எல்லாம் சட்டப்படி முதலாளியின் தலையில் இருந்ததால், பிறப்பு குறைந்தால் அவருக்கும் செலவு குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுப்பதே இதன் கணக்கு.

வயதான காலத்துக்குப் பிள்ளைகளை நம்பியிருக்கும் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு சேமிப்பு வேண்டும் என்ற உண்மையை இத்திட்டம் சரியாகவே கண்டுகொண்டது. பிள்ளை பெற்றால் பணம் போகும் என்ற விதியோ அவளுடைய முடிவைக் கம்பெனியின் கணக்கேட்டில் கட்டிவைத்தது. உதவியும் நெருக்கடியும் ஒரே பதிவேட்டில் இருந்தன.

ஈ.எஸ்.ஐ.

இந்தியாவில் காப்பீட்டின் வழியே கருத்தடைக்கு முறையான இடம் கிடைத்தது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்தான். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழகத்தில் முதலில் 1955இல் கோவை மில் தொழிலாளருக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டுகிறார்கள். குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கிறது.

சாதாரண நோய்க்கு விடுப்பெடுத்தால் ஈ.எஸ்.ஐ. சம்பளத்தின் 70 சதவீதத்தைத் தரும். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு முழுச் சம்பளம் தரும். ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள். சிக்கல் ஏற்பட்டால் நாட்கள் கூடும். ஓய்வு யாருக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு ஈடு என்ற நியாயம் இதில் தெளிவாக இருக்கிறது. இலக்கு இல்லை, தரகர் இல்லை. சந்தா கட்டிய தொழிலாளியின் உரிமையாக அந்தக் கூலி வந்து சேர்கிறது.

திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலையில் பெயர் பதிந்த பெண்ணுக்கு இந்த 14 நாள் உண்டு. தாண்டிக்குடியில் காப்பிப் பழம் எடுக்கும் பெண்ணுக்கு இல்லை. தோட்டங்கள் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழிற்சாலை வரையறைக்குள் வரவில்லை. பழத்தைப் பதப்படுத்தும் ஆலையும் வெளியேதான். பருவகாலத் தொழிற்சாலை என விலக்கப்பட்ட பட்டியலில் பருத்தி அரைவை, வெல்லம், ரப்பர், தேயிலை ஆகியவற்றோடு காப்பியின் பெயரும் உள்ளது.

இந்த இடைவெளியில் ஒரு பகுதியை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் அடைத்தது. அது ஆலை, சுரங்கத்தோடு தோட்டத்துக்கும் பொருந்தியது. 1995 திருத்தம், பெண் கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் கூலியோடு விடுப்பு என்ற பிரிவைச் சேர்த்தது. கீழ்மலையின் பெரிய காப்பித் தோட்டத்தில் பெயர்ப்பதிவோடு வேலை பார்க்கும் பெண் இந்த விடுப்பைக் கேட்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர் கேட்க இடமில்லை. அவருக்கு மிஞ்சுவது அரசு தரும் ஈட்டுத்தொகை.

தவறுக்குக் காப்பீடு

அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சைக்குள் காப்பீடு நுழைந்தது வேறு வழியில். முகாம்களில் தரக்குறைவால் பெண்கள் இறப்பதும் ஊனப்படுவதும் ராமகாந்த் ராய் வழக்கின் வழியே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. 2005 மார்ச்சில் நீதிமன்றம் மருத்துவர்களுக்கான தகுதி, பரிசோதனைப் பட்டியல், இழப்பீடு, காப்பீடு ஆகியவற்றை வகுக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வழியே குடும்பக் கட்டுப்பாட்டுக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அறுவை சிகிச்சையால் மரணம், சிக்கல், அல்லது சிகிச்சை தோற்றுப்போய் மீண்டும் கருவுறுதல் ஆகியவற்றுக்கு அது இழப்பீடு தந்தது. வழக்கைச் சந்திக்கும் மருத்துவருக்கும் பாதுகாப்பு தந்தது. 2013 முதல் மாநில அரசுகளே இந்த இழப்பீட்டை நேரடியாக வழங்குகின்றன.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்து, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிடச் சொன்னது. இலக்கு வைத்து ஆள் திரட்டுவதையும் கண்டித்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான அறுவை சிகிச்சைகள் பிரசவத்தை ஒட்டி மருத்துவமனையிலேயே நடந்துவந்தன. இதனால் முகாமின் ஆபத்து இங்கே குறைவு. பிரசவ வார்டில் வலியும் களைப்புமாகப் படுத்திருக்கும் நேரத்தில் கேட்கப்படும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்பது இங்கே கவனிக்க வேண்டிய கேள்வி.

கருத்தடையை மாற்றிக்கொள்ளும் செலவையும் அரசு ஏற்ற நேரம் ஒன்று உண்டு. 2004 ஆழிப்பேரலையில் குழந்தைகளை இழந்த, ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெற்றோருக்குக் குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாக்கியது. கருத்தடை குடும்பத்தின் முடிவு, அதைத் திருத்திக்கொள்ளும் உரிமையும் குடும்பத்துக்கு உண்டு என்பதை அந்த ஆணை ஒப்புக்கொண்டது.

வணிகக் காப்பீடு

கடையில் வாங்கும் மருத்துவக் காப்பீடு கருத்தடைக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பட்டியலை வெளியிட்டது. 17ஆம் எண் விலக்கில் குழந்தையின்மைச் சிகிச்சையோடு எந்த வகைக் கருத்தடையும் கருத்தடை அறுவை சிகிச்சையும் அடங்கும். அடுத்த எண்ணில் மகப்பேறு வருகிறது. நிறுவனம் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. 2009இல் தொடங்கி 2012இல் மறுவடிவம் பெற்ற தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கானது. குடும்ப நலம் சுகாதாரத் துறையின் வழக்கமான இலவசச் சேவையாகத் தொடர்கிறது.

அமெரிக்காவில் நிலைமை இதற்கு நேர்மாறாக வளர்ந்தது. அங்கே பெரும்பாலோருக்கு மருத்துவம் முதலாளி எடுத்துத்தரும் காப்பீட்டின் வழியே கிடைக்கிறது. 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் 2012 ஆகஸ்ட் முதல் புதிய காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடையைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்றானது. மத நம்பிக்கையைக் காட்டிச் சில நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2014இல் ஹாபி லாபி வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அத்தகைய சில கம்பெனிகளுக்கு விலக்கு அளித்தது. இந்தியாவில் இந்த வகை வழக்குக்கு இடம் எழவில்லை. முதலாளி யாராக இருந்தாலும், அவர் நம்பிக்கை எதுவாக இருந்தாலும், ஆணுறையும் மாத்திரையும் காப்பர் டியும் 2017இல் சேர்ந்த அந்தரா கருத்தடை ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கின்றன. மருந்துக்கான பொறுப்பை வரிப்பணத்தில் வைத்தது இந்த நாட்டின் வலிமை. கூலிக்கான பொறுப்பை வேலையின் வகைக்கேற்பச் சிதறவிட்டது அதன் குறை.

புதிய சட்டத்தொகுப்பு

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. சட்டமும் மகப்பேறு நலச் சட்டமும் அதற்குள் அடங்கின. கருத்தடை அறுவை சிகிச்சைக்கான இரண்டு வார விடுப்பு அதில் தொடர்கிறது. தோட்ட முதலாளி விரும்பினால் தம் தொழிலாளரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம் என்ற வழியும் திறந்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாக மூடியிருந்த கதவு இது. அதன் சாவியோ இன்னும் முதலாளியின் கையில்தான் இருக்கிறது. சில ஏக்கர் மலைவாழையும் பூண்டும் பயிரிடும் குடும்பத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்குச் சேர்ந்துகொள்ள முதலாளி என்று நிலையாக ஒருவரே இல்லை.

ஆத்தூரில் 1960களில் செவிலியர் வீட்டு வாசலுக்கு வந்தபோது வழிச்செலவு குறைந்தது. ஈ.எஸ்.ஐ.யில் 14 நாள் முழுச் சம்பளம் வந்தபோது கூலி இழப்பு தீர்ந்தது. இரண்டும் ஏற்கெனவே இதே மாவட்டத்தில் நடைமுறையில் இருந்து பயன் தந்தவை. முதலாளி யார், பயிர் எது, நிலம் எத்தனை ஏக்கர் என்று பாராமல் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இவை இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு மட்டும் இதுவரை எந்தச் சட்டத்திலும் இல்லை.